16 வாரம் முடிந்தால் கப்பல் கம்பெனியின் பொறுப்பும் முடிந்துவிடுமா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி விரிவாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கப்பல் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 44. பதினோரு வருடமாக டேங்கர் கப்பல்களில் வேலை, அதில் கடைசி ஆறு வருடம் பம்ப்மேன், அதாவது சரக்குப் பம்புகளைக் கவனிப்பவர். 2019-இல் இந்தியக் கொடிக் கப்பல் ஒன்றில் எட்டு மாதம் இருந்தார். கடைசி மூன்று கான்ட்ராக்டும் மும்பை ஏஜென்சி ஒன்றின் வழியாக, ஒரே உரிமையாளரின் மார்ஷல் தீவுகள் கொடிக் கப்பல்களில், அதாவது அந்நாட்டில் பதிவான கப்பல்களில். ஒவ்வொன்றும் ஆறேழு மாதம். நாப்தா, ரீஃபார்மேட், பைகேஸ் என்று பென்சீன் கலந்த பெட்ரோலியப் பொருள்கள்தான் மாறி மாறிச் சரக்கு. 2025 மே மாதம் கப்பலிலேயே விடாத காய்ச்சல், பல் துலக்கினால் ஈறில் ரத்தம். அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்தில் சைன் ஆஃப் செய்து, அதாவது பணியிலிருந்து விடுவித்து, அனுப்பிவிட்டார்கள். ஊரில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்ததில் அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. செப்டம்பரில் "16 வாரம் முடிந்துவிட்டது" என்று நிறுத்திக்கொண்டது. இப்போது, எட்டு மாதம் கழித்து, எட்டு லட்சம் ரூபாய் தருகிறோம், இனி யார் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. நோய் இயற்கையாக வந்தது, அவர் சிகரெட் பிடித்தவர், கப்பல் ஏறும்போது மெடிக்கலில் ஃபிட், ஆகவே வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். ஹூஸ்டனில் சரக்கு ஏற்றிய கப்பல்தானே, அமெரிக்காவில் கேஸ் போட்டால் கோடிகள் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். லேபர் கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார் இன்னொருவர். கையெழுத்துப் போடலாமா, பென்சீன்தான் காரணம் என்று ரத்தப் பரிசோதனையில் நிரூபிக்க முடியுமா, எங்கே போவது, இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரத்தில் இப்போதைக்கு நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போட வேண்டாம். எட்டு லட்சம் கூடுதலா குறைவா என்பது அடுத்த பேச்சு. எந்தக் கணக்கின்படி எட்டு லட்சம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லவில்லை. கணக்குச் சொல்லாத தொகைக்கு ரசீது கொடுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

16 வாரம் என்பது எதற்கு?

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல்காரர்கள் எம்எல்சி 2006 என்று சொல்வது, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ளது. மார்ஷல் தீவுகள், இந்தியா இரண்டுமே அதை ஏற்றவை. வேலையில் இருக்கும்போது நோய் கண்டவருக்கு மருத்துவச் செலவும் சம்பளமும் கப்பல் உரிமையாளர் தர வேண்டும் என்கிறது அது. இந்தப் பொறுப்புக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் ஒரு கால வரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பு 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. ஏஜென்சி சொல்லும் 16 வாரம் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது மருத்துவச் செலவுக்கும் நோய்க்காலச் சம்பளத்துக்கும் உள்ள வரம்பு. வேலையால் வந்த நோயினால் ஏற்படும் நீண்டகால ஊனத்துக்கான இழப்பீடு தனிக் கணக்கு. அதற்கு 16 வாரத்தோடு தொடர்பே கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஏஜென்சிகளின் பழைய வழக்கம்.

மருத்துவச் செலவுக்கே 16 வாரம்தானா என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் கணவரின் கான்ட்ராக்டில் ஏதாவது தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஐடிஎஃப் (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம்) வகை ஒப்பந்தங்கள் பலவற்றில் நோய்க்கு 130 நாள் வரை சிகிச்சையும் அடிப்படைச் சம்பளமும் உண்டு. 16 வாரம் என்றால் 112 நாள். வித்தியாசம் 18 நாள்தான் என்றாலும், அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

2017 ஜனவரி 18 முதல் எம்எல்சியில் இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது. தொழில் சார்ந்த காயம், நோய், ஆபத்து இவற்றால் மரணமோ நீண்டகால ஊனமோ ஏற்பட்டால், ஒப்பந்தப்படியான இழப்பீட்டுக்குக் கப்பல் உரிமையாளர் நிதி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப் என்னும் காப்பீட்டு அமைப்புதான் தருகிறது. அந்தச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் மெஸ் ரூமுக்கு வெளியே. இப்போது கப்பலில் இருக்கும் நண்பர் யாரையாவது அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டாளரின் பெயரும் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். ஏஜென்சியைத் தாண்டி அவர்களிடமே நீங்கள் நேரடியாகக் கோரலாம். ஒப்பந்தத் தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கடி கொடுக்கக் கூடாது. ஊனத்தின் அளவை உடனே கணிக்க முடியாவிட்டால் குடும்பம் தவிக்காமல் இடைக்காலத் தொகை தர வேண்டும். அதை வாங்கிக்கொள்வதால் மற்றச் சட்ட உரிமைகள் போய்விடாது. இவை மூன்றும் உடன்படிக்கையின் வாசகத்திலேயே இருப்பவை. பின்னால் வழக்கில் நஷ்ட ஈடு கிடைத்தால், ஏற்கெனவே வாங்கியதை அதில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு இருந்தும் தொகை எவ்வளவு என்பதை எம்எல்சி சொல்லாது. உங்கள் கான்ட்ராக்ட்தான் சொல்லும். ஆகவே அந்தக் கான்ட்ராக்டை எடுத்து, ஊன இழப்பீடு பற்றிய பிரிவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "விபத்தால் ஏற்பட்ட நிரந்தர ஊனம்" என்று மட்டும் இருந்தால் சண்டை கடினம். "வேலை தொடர்பான நோய்" என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்படிப்பட்ட பல ஒப்பந்தங்களில் இன்னொரு வசதியும் உண்டு. ஊனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 100 சதவீதமாகவே கணக்கிடுவார்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும், இனி எந்த வேலையிலும் கடலுக்குப் போக முடியாது என்று சான்று வந்துவிட்டால் முழுத்தொகை. கீமோ முடித்த பம்ப்மேனை டேங்கருக்கு ஃபிட் என்று எழுதும் டாக்டர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனி டாக்டரும் உங்கள் டாக்டரும் முரண்பட்டால், இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் மூன்றாவது டாக்டரின் முடிவு இறுதி என்றும் பெரும்பாலும் இருக்கும்.

நிரூபணம் ரத்தத்தில் இல்லை, கப்பலின் காகிதத்தில்

பென்சீனைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எங்கே செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். பென்சீன் உடம்பில் தங்குவதில்லை. அதன் சிதைவுப் பொருள்கள் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். எட்டு மாதம் கழித்து எடுத்தால் 'இல்லை' என்றுதான் வரும். அந்த ரிப்போர்ட்டை எதிர்த்தரப்பு ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளும்.

நோய்க்கும் பென்சீனுக்கும் தொடர்பு உண்டா என்பதில் மருத்துவ உலகில் பெரிய சர்ச்சை இல்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் வகையில் பென்சீன் இருக்கிறது, அதுவும் குறிப்பாக இந்த வகை லுக்கேமியாவுக்காக. இந்த மனிதர் எவ்வளவு பென்சீனைச் சுவாசித்தார் என்பதில்தான் சர்ச்சை வரும். இதற்கு உங்கள் கணவரின் வேலையே விடை சொல்கிறது. டேங்க் கழுவி முடிந்ததும் அடியில் நிற்கும் கடைசித் தண்ணீரை வில்டன் பம்ப் (கையில் எடுத்துச் செல்லும் சிறு பம்ப்) வைத்து உறிஞ்சுவது, பம்ப் வெல்லில் (டேங்கின் அடிக்குழியில்) மிஞ்சியதை வாளியிலும் துணியிலும் எடுப்பது, ஹோஸ் கழற்றும்போது மேனிஃபோல்டு ட்ரேயில் (குழாய் இணைப்பின் கீழுள்ள தட்டில்) வடிவது, சாம்பிள் எடுப்பது, சரக்குப் பம்பின் சீல் மாற்றுவது, இவையெல்லாம் பம்ப்மேன் கையில் இருப்பவை. அரை முகமூடி மட்டும் போட்டு டேங்குக்குள் துணியால் துடைக்கும் வீடியோ அவர் போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மிக முக்கியம்.

கம்பெனி ஒரு பதிலைக் கட்டாயம் சொல்லும்: "டேங்க் கேஸ் ஃப்ரீ (ஆவி நீக்கப்பட்டது), மீட்டரில் பூஜ்யம் காட்டியது, பெர்மிட் இருக்கிறது." இந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண கேஸ் மீட்டர் தீப்பிடிக்கும் அபாயத்தை அளக்கிறது, விஷத்தை அல்ல. காற்றில் பென்சீன் 1.2 சதவீதம், அதாவது 12,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12,000 பங்கு) சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும் கீழ் எல்லை. மீட்டர் அந்த எல்லையின் ஒரே ஒரு சதவீதம் என்று காட்டினாலும், காற்றில் இருப்பது பென்சீன் என்றால் அது சுமார் 120 பிபிஎம். ஐஎம்ஓ என்னும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-இல் வெளியிட்ட 1095-ஆம் எண் சுற்றறிக்கை, பென்சீன் 0.5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சரக்குகளுக்கானது. அதன் எட்டு மணி நேர வரம்பு 1 பிபிஎம். தீ மீட்டரின் கணக்கில் பத்திரமான டேங்க், நுரையீரலின் கணக்கில் நூறு மடங்கு மீறலாக இருக்கலாம். பென்சீனுக்கென்றே உள்ள டிடெக்டர் டியூபாலோ (நிறம் மாறிக் காட்டும் குழாய்), பிஐடி மீட்டராலோ (ஆவியை பிபிஎம் கணக்கில் அளக்கும் கருவி) அளந்தார்களா, அளந்த எண் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. முகமூடி கொடுத்தோம் என்று சொன்னால், எந்த வகை, கரிம ஆவிக்கான பழுப்புப் பட்டை ஃபில்டரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். மூடிய இடத்துக்குள் ஃபில்டர் முகமூடியை நம்பவே கூடாது; அங்கே வேண்டியது காற்று சிலிண்டர்.

இந்த விவரங்கள் எல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கின்றன, என்றென்றும் இருக்காது. சரக்குப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து மூன்று வருடம் கப்பலில் வைத்திருந்தால் போதும் என்பது மார்போல் என்னும் கடல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையின் விதி. அதனால் வக்கீல் நோட்டீஸில் பணம் கேட்பதற்கு முன்பாக, பின்வருவனவற்றை அழிக்காமல் வைத்திருங்கள், நகல் தாருங்கள் என்று கேட்க வேண்டும்: மூன்று கான்ட்ராக்ட் காலத்துக்கான சரக்குப் பதிவேடும் ஆயில் ரெக்கார்டு புக்கும், ஒவ்வொரு சரக்கின் எம்எஸ்டிஎஸ் (பாதுகாப்பு விவரத்) தாள், டேங்க் கிளீனிங் திட்டம், மூடிய இட நுழைவு அனுமதிகள், கேஸ் அளவீட்டுப் பதிவு, முகமூடியும் ஃபில்டரும் கொடுத்த பதிவு, கப்பலின் மருத்துவப் பதிவேடு, ஓய்வு நேரப் பதிவு. ஓய்வு நேரப் பதிவில் உங்கள் கணவருக்கு ஒரு நகல் கொடுத்திருக்க வேண்டும். எந்த நாள் இரவு டேங்க் வேலை நடந்தது என்று அது காட்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. போனை ஃபார்மட் செய்யாதீர்கள், மாற்றாதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி, எடுத்த தேதி விவரம் போய்விடும். கேபிள் போட்டு அப்படியே நகல் எடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் வேண்டும். அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். கூட வேலை பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால் நல்லது. அவர்கள் இன்னும் அதே கம்பெனியில் இருந்தால் வற்புறுத்த வேண்டாம், வேலை போய்விடும்.

ரத்தவியல் டாக்டரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் தொழில் என்ற இடத்தில் "மாலுமி" என்று மட்டும் இருக்கும். டேங்கர் பம்ப்மேன், இத்தனை வருடம் பென்சீன் கலந்த சரக்கு என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மஜ்ஜைப் பரிசோதனை, குரோமோசோம் ரிப்போர்ட் இரண்டின் மூல நகலையும் வாங்கிவையுங்கள். தொழில்சார் நோயில் அனுபவமுள்ள மருத்துவரின் தனிக் கருத்து தேவைப்படும். அகமதாபாத்தில் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனமும் பெங்களூரில் அதன் தென்மண்டல மையமும் இந்தத் துறைக்கென்றே உள்ளவை.

ஃபிட் சர்டிபிகேட் கேஸைக் கெடுத்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். நேர்மாறு. ஏறும்போது ரத்த எண்ணிக்கை சரியாக இருந்தவர் இறங்கும்போது லுக்கேமியாவோடு இறங்கினார் என்பது உங்களுக்குச் சாதகம். கடந்த எட்டுப் பத்து வருட மெடிக்கல் ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி, வெள்ளையணு, பிளேட்லெட், ஹீமோகுளோபின் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மெல்ல இறங்கியிருந்தால் அது பேசும். பழைய ரிப்போர்ட் இல்லையென்றால் பரிசோதனை செய்த டாக்டரிடம் கேளுங்கள். அவர் டிஜி ஷிப்பிங் என்னும் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றவர், பதிவு இருக்க வேண்டும். ஆனால் சிகரெட்டை மறைக்காதீர்கள். புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. எதிர்த்தரப்பு அதை நன்றாகவே பயன்படுத்தும். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது விட்டார் என்று முதல் மனுவிலேயே உண்மையை எழுதிவிட்டால் அதன் பலம் பாதியாகிவிடும்.

எங்கே போவது?

அமெரிக்காவை மறந்துவிடுங்கள். அங்கே மாலுமிகளுக்கான ஜோன்ஸ் சட்டம் வலுவானதுதான். ஆனால் வெளிநாட்டு மாலுமி, வெளிநாட்டுக் கொடி, வெளிநாட்டு உரிமையாளர் என்றால், சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியது என்பது மட்டும் போதாது. 1953-இல் லாரிட்ஸன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. உரிமையாளரின் உண்மையான தொழில் தலைமையிடம் அமெரிக்காவிலேயே இருந்தால் மட்டும் வேறு பேச்சு. "கட்டணம் முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது போன் செய்தால் அனுப்பாதீர்கள்.

லேபர் கோர்ட் என்று சொல்பவர் மனதில் இருப்பது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பென்சீனால் வரும் நோய்கள் தொழில்சார் நோயாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், வேலையால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பாரம் முதலாளிக்குப் போய்விடும். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்னும் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டாலும், மே மாதமே நோய் கண்டதால் உங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும் என்பது என் கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கு வெளியே வேலை பார்க்கும் மாலுமி என்றால் கப்பல் இந்தியாவில் பதிவானதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் வரையறை. மார்ஷல் தீவுகள் கொடி அங்கேதான் இடிக்கும். 2019-இல் இருந்த இந்தியக் கொடிக் கப்பலை வைத்துப் போகலாமே என்றால், வேலையை விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு: ஆணையரிடம் இழப்பீடு கோரிவிட்டால், அதே நோய்க்காக சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்க முடியாது. அவசரப்பட்டு அங்கே மனுப் போட்டுவிடாதீர்கள்.

அந்தச் சட்டம் ஒரு அளவுகோலாக மட்டும் உதவும். 44 வயதுக்கு அதன் காரணி, அதாவது வயதுக்கேற்ற பெருக்கல் எண், 172.52. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் மாதம் 15,000 தான். முழு நிரந்தர ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000 பெருக்கல் 172.52. ரூ.15,52,680 வருகிறது. சம்பளத்தை இவ்வளவு வெட்டிவிட்டுப் போடும் கணக்கிலேயே, கம்பெனி சொல்லும் எட்டு லட்சத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆகவே முதல் வழி, கான்ட்ராக்டின்படியான கோரிக்கையை உரிமையாளர், மேனேஜர், ஏஜென்சி, பி அண்ட் ஐ கிளப் நால்வருக்கும் ஒரே நோட்டீஸாக அனுப்புவது. கூடவே, ஏஜென்சியின் ஆர்பிஎஸ்எல் (மாலுமிகளை வேலைக்கு அமர்த்துவதற்கான) உரிம எண்ணைக் குறிப்பிட்டு டிஜி ஷிப்பிங்கில் புகார். உரிமம் போய்விடும் என்ற பயம் பல ஏஜென்சிகளைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவரும். உங்கள் கணவர் சங்க உறுப்பினர் என்றால் சங்கத்துக்கும் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் முழு நகல் அவர்களிடம் இருக்கும்.

இரண்டாவது வழி, கப்பலையே பிடிப்பது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அட்மிரால்டி (கடல்சார் வழக்கு) சட்டம் 2017-இன்படி, கப்பலின் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள உடல் பாதிப்புக்கும், மாலுமிக்குச் சேர வேண்டிய சம்பளத் தொகைக்கும் உயர் நீதிமன்றத்தில் கப்பலைச் சிறைபிடிக்க உத்தரவு கேட்கலாம். அந்தக் கப்பலோ அதே உரிமையாளரின் வேறு கப்பலோ சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று தமிழகக் கடலுக்குள் வந்தால் சென்னை உயர் நீதிமன்றம் போதும். ஏழு இலக்க ஐஎம்ஓ எண் இருந்தால் கப்பல் எங்கே போகிறது என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சரக்கோடு நிற்கும் டேங்கரைப் பிடித்தால் காப்பீட்டாளரின் உத்தரவாதக் கடிதம் பெரும்பாலும் சில நாளிலேயே வந்துவிடும். ஆனால் கவனக்குறைவு வழக்கில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். செலவும் அதிகம். கான்ட்ராக்டில் வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) பிரிவு இருந்தால் அதுவும் குறுக்கே வரும். காகிதம் கையில் வந்த பிறகே இந்த முடிவு.

எவ்வளவு நாள் இருக்கிறது?

உடல் பாதிப்புக்காகக் கப்பல் மீதுள்ள கடல்சார் பற்றுரிமை (கப்பல் கைமாறினாலும் அதன் மேல் தொடரும் உரிமை) ஒரு வருடத்தில் அழிந்துவிடும். சம்பளத்துக்கு இரண்டு வருடம். அதாவது 2026 மே மாதத்தை உங்கள் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அதே உரிமையாளர் மீது கோரிக்கை நிற்கும், ஆனால் கப்பலை விற்றுவிட்டால் புதிய உரிமையாளரைப் பிடிக்க முடியாது. கான்ட்ராக்ட் தொகைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் பொதுவான வரம்பு மூன்று வருடம். ஆர்பிட்ரேஷன் பிரிவோ வெளிநாட்டுச் சட்டமோ இதைக் குறைத்திருக்கிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் தெளிவாகப் பேசும் நாள்களில், எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு, டேங்குக்குள் எத்தனை மணி நேரம், என்ன முகமூடி, யார் உத்தரவு என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதி, நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரமாக்கிவிடுங்கள். உங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னியும் அப்போதே. கம்பெனியில் கொடுத்த நாமினி விவரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்ததை மாற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஏஜென்சிக்கு இந்த வாரமே ஒரு மெயில் போதும். போனில் பேச வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "தாங்கள் தர முன்வந்த ரூ.8,00,000 எந்த ஒப்பந்தப் பிரிவின்படி, எத்தனை சதவீத ஊனத்துக்குக் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் தெரிவிக்கவும். சிகிச்சை தொடர்வதால் இத்தொகையை இடைக்காலத் தொகையாக, எங்கள் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி, பெற்றுக்கொள்ளத் தயார். கப்பலின் நிதி உத்தரவாதச் சான்றிதழின் நகலையும் முழு ஒப்பந்தத்தின் நகலையும் ஏழு நாளுக்குள் அனுப்பவும்." மூன்று கான்ட்ராக்ட் நகல், சிடிசி என்னும் மாலுமிப் பணிப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் முத்திரை உள்ள பக்கங்கள், ஃபுஜைரா டாக்டர் எழுதிய சீட்டு, இவற்றோடு அட்மிரால்டி வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள். தாலுகா கோர்ட் வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் இந்த வேலை வேறு.